கதவு திறக்கும் முன்பே நிற்கும் என் சகலை

என் சகலையைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னால் தாராளமாகச் சொல்வேன். அதில்தான் எனக்கு எரிச்சலே. கெட்டதாக ஒரே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று கல்யாணமான நாளிலிருந்து தேடிக்கொண்டிருக்கிறேன், அகப்பட மாட்டேன் என்கிறது. குடிப்பதில்லை, கத்துவதில்லை, யார் விஷயத்திலும் மூக்கை நுழைப்பதில்லை. இப்படிப்பட்ட ஆளைச் சொந்தத்தில் வைத்துக்கொண்டு மற்றவன் எப்படி நிம்மதியாக இருப்பது?

என் மனைவியின் அக்காவைக் கட்டியவர் அவர். பேக்கரியில் மாஸ்டர். ஊர் போர்த்திக்கொண்டு படுத்திருக்கும்போது மாவு பிசைந்து, தட்டில் அடுக்கி, அடுப்பில் ஏற்றி, ஊர் கண்ணைக் கசக்கும் நேரத்தில் கை கழுவிவிடுவார். இரண்டு முன்கைகளிலும் அடுப்புத் தட்டு பட்டுப் பட்டுக் குறுக்குக் கோடுகள் இருக்கும். எந்நேரமும் ஈஸ்ட் வாசனை. குழந்தைகளுக்கு அந்த வாசனை பிடிக்கிறது. என் மகள் சின்னப் பிள்ளையாக இருக்கும்போது அவர் சட்டையில் மூக்கை வைத்துக்கொண்டு தூங்குவாள். என் சட்டையில் என்ன வாசனை என்று நானும் முகர்ந்து பார்த்தேன். ஏசி அறையின் தூசி வாசனைதான்.

நான் சினிமா தியேட்டரில் ஆபரேட்டர். கடைசி ஆட்டம் முடிந்து, மெஷினை நிறுத்தி, அறையைப் பூட்டி, வீடு வந்து நான் தலையைச் சாய்க்கும்போது அவர் எழுந்து சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருப்பார். ஒரே வீட்டுப் பெண்களைக் கட்டிக்கொண்ட இரண்டு பேரில் ஒருவன் படுக்கும்போது இன்னொருவன் எழுந்திருக்கிறான். அதனால் சண்டை போடக்கூட எங்களுக்குப் பொதுவாக ஒரு நேரம் வாய்க்கவில்லை.

அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்தக் கதவாக இருந்தாலும் அது திறப்பதற்கு முன்னால் அங்கே போய் நிற்பார். ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கிற பெண் வருவதற்கு முன் இவர் போய் நிற்பார். பள்ளிக்கூடத்தில் பிள்ளையைச் சேர்க்கப் போனால் வாட்ச்மேனோடு சேர்ந்து இவரும் கேட்டைத் தள்ளித் திறப்பார். கல்யாணப் பேச்சுக்காக என் மாமனார் வீட்டுக்கு முதன்முதலில் வந்தபோது, அக்கா வாயெல்லாம் பேஸ்ட் நுரையோடு வந்து கதவைத் திறந்தாளாம். "அப்பவே பிடிச்சுப்போச்சு" என்று இவர் சொன்னாராம். இந்தக் கதையை மாமனார் விருந்தாளி வரும்போதெல்லாம் சொல்வார். சொல்லிவிட்டு என் பக்கம் திரும்புவார். "சின்ன மாப்பிள்ளை இடைவேளைக்குத்தான் வந்தாரு" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்துத் தொலைப்பேன்.

பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்று சொல்வார்கள். என் சகலை பந்திக்கும் முந்துவார், படைக்கும் முந்துவார். அவர் வீட்டுக் குழாய் உடைந்தாலும் அவர்தான் முதலில் நிற்பார், என் வீட்டுக் குழாய் உடைந்தாலும் அவர்தான் முதலில் நிற்பார். நான் தூங்கி எழுந்து வரும்போது குழாயில் தண்ணீர் ஒழுங்காக வந்துகொண்டிருக்கும். "மாமா வந்து சரி பண்ணிட்டுப் போயிட்டார்" என்பாள் என் மனைவி. அந்தத் தண்ணீரில் முகம் கழுவவே எனக்குப் பிடிக்காது.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். தீம் பார்க்கைத்தான் பொறுக்க முடியவில்லை.

பள்ளி விடுமுறையில் வருஷத்துக்கு ஒரு தடவை எங்கள் இரண்டு குடும்பமும் ஊருக்கு வெளியே இருக்கும் தீம் பார்க்குக்குப் போகும். போகும் என்றால் சேர்ந்து அல்ல. அவர் குடும்பம் கதவு திறக்கும்போதே உள்ளே போய்விடும். நாங்கள் வெயில் ஏறிய பிறகு போய்ச் சேருவோம். அதற்கு என்னிடம் ஒரு நியாயமும் இருந்தது. தியேட்டரில் ஆட்டம் என்று போட்டிருக்கிற நேரத்துக்கு வந்து உட்காருகிறவன் சோப்பு விளம்பரமும் பெயிண்ட் விளம்பரமும்தான் பார்ப்பான். விவரம் தெரிந்தவன் கொஞ்சம் தாமதித்து, படப் பெயர் வரும்போது பாப்கார்னோடு நுழைவான். திறக்கும் நேரம் என்று எழுதி வைப்பதெல்லாம் அவசரக் குடுக்கைகளுக்காக என்பது என் கட்சி.

கட்சி என்னவோ நன்றாகத்தான் இருந்தது. பார்க்கில் எடுபடவில்லை. நாங்கள் டிக்கெட்டைக் காட்டி உள்ளே நுழையும்போது, சகலையின் பையன்கள் இரண்டு பேரும் தலைமுடி எட்டுத் திக்கும் பறக்க எதிரே ஓடி வருவார்கள். "சித்தப்பா, நாங்க படகை மூணு தடவை முடிச்சுட்டோம்! வரிசையே இல்ல!" என்பார்கள். அதன் பிறகு என் மகள் அதே படகுக்கு வெயிலில் நிற்பாள். முன்னால் நிற்பவரின் முதுகைப் பார்த்துக்கொண்டே நிற்பாள். என்னைப் பார்க்க மாட்டாள். வீட்டில் அவளுக்கு வாலு என்று பெயர். வரிசையில் நிற்கும்போது மட்டும் அந்த வாலு சுருண்டுவிடும்.

போன வருஷம் நடந்ததுதான் எல்லாவற்றுக்கும் மேல். அந்தப் பார்க்கில் பெரிய பாம்பு என்று ஒரு ரோலர் கோஸ்டர் இருக்கிறது. அதன் வாசலில் ஒட்டகச்சிவிங்கி படம் போட்ட ஒரு பலகை. பலகையில் இருக்கிற கோட்டை உச்சந்தலை தொட்டால்தான் ஏற்றுவார்கள். தொட்டாலும் சின்னப் பிள்ளைகளோடு பெரியவர் ஒருவர் பக்கத்தில் உட்கார வேண்டும். வாலுவுக்குக் கோடு இரண்டு விரல் மேலே போய்விட்டது. குதிகாலைத் தூக்கிப் பார்த்தாள். சீருடைக்காரப் பெண் சிரித்துக்கொண்டே தோளை அழுத்திக் காலைத் தரையில் வைக்கச் சொன்னாள். வாலு அழுதுவிட்டாள். நான் அப்போது ஐஸ்கிரீம் வாங்கப் போயிருந்தேன். வாங்கிக்கொண்டு வரும்போது சகலை அவள் முன்னால் மண்டி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"அழாதடா தங்கம். அடுத்த வருஷம் நீ கோட்டைத் தாண்டிடுவே. முதல் சவாரி நாம ரெண்டு பேரும். சரியா?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினாள். என் இரண்டு கையிலும் ஐஸ்கிரீம் உருகி முழங்கை வரை வழிந்தது. நாம ரெண்டு பேரும். என் மகளோடு உட்காருகிற இடத்தை என் கண்ணெதிரே ஒருவர் முன்பதிவு செய்துவிட்டுப் போகிறார், நான் கோனைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

வருஷம் ஓடியது. வாலுவின் பாவாடை எல்லாம் முழங்காலுக்கு ஏறிவிட்டது. அவள் தினமும் சமையலறைக் கதவில் முதுகை ஒட்டி நின்று உயரம் பார்ப்பாள். இந்த விடுமுறை தொடங்கியதும் ஒருநாள் சாப்பிடும்போது அவள் அம்மாவிடம் கேட்டாள்:

"அம்மா, பார்க்குக்குப் போறதுக்கு முந்தின நாள் நான் பெரியப்பா வீட்டுல போய்ப் படுத்துக்கவா? காலைல அவங்களோடவே போயிடுறேன். நீங்க எப்பவும் போல மெதுவா வாங்க."

எப்பவும் போல மெதுவா. எந்த வன்மமும் இல்லாமல்தான் சொன்னாள். அதனால்தான் எனக்கு வயிறு பற்றி எரிந்தது.

"யாரும் எங்கேயும் போய்ப் படுக்க வேண்டாம்," என்றேன். "இந்த வருஷம் நாமளும் கதவு திறக்கும்போதே போறோம்."

என் மனைவி கரண்டியைக் கையில் பிடித்தபடி என்னை மேலும் கீழும் பார்த்தாள். "யாரு, நீங்களா?"

"ஏன், நானேதான்."

"காலைல உங்களை எழுப்புறதுக்கு இடியே வந்து விழணுமே."

"விழட்டும். வாலு, முதல் சவாரி அப்பாகூட. புரியுதா?"

வாலு யோசித்தாள். "பெரியப்பாகிட்ட வர்றேன்னு சொல்லியிருக்கேனேப்பா."

"பெரியப்பாகிட்ட நான் சொல்லிக்கிறேன்."

சொல்லவில்லை. சொன்னால் அந்த மனிதர் உடனே "அதுக்கென்ன சகலை, நீங்கதானே உட்காரணும்" என்று விட்டுக்கொடுத்துவிடுவார். அவர் விட்டுக்கொடுத்து எனக்கு அந்த இடம் வேண்டாம். நானே முந்திப் போய்ப் பிடிக்க வேண்டும்.

முந்திப் போவதற்கு நான் கண்டுபிடித்த வழியை நினைத்தால் இப்போதும் என் தலையில் நானே குட்டிக்கொள்ளத் தோன்றுகிறது. சீக்கிரம் எழுந்திருப்பது என்பது எங்கள் தொழிலில் பழக்கமில்லாத காரியம். ஆனால் விழித்திருப்பது பழகிய காரியம். தூங்கினால்தானே எழுந்திருக்க வேண்டும்? தூங்காமலே இருந்துவிட்டால்? ஒரு பேக்கரிக்காரருக்கு இப்படி ஒரு யோசனை வராது, ஆபரேட்டருக்குத்தான் வரும். கடைசி ஆட்டம் முடிந்து வந்தவன் படுக்கவே இல்லை. குளித்துவிட்டு, நல்ல சட்டையாகப் பார்த்துப் போட்டுக்கொண்டு, விடியும் முன்பே வாசலில் செருப்போடு நின்றேன். மனைவி எழுந்து வந்து என்னைப் பார்த்துப் பயந்தே போனாள்.

முதல் பஸ்ஸைப் பிடித்தோம். பார்க் வாசலில் இறங்கும்போது கதவு திறக்க இன்னும் நேரம் இருந்தது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன். கதவுக்கு முன்னால் ஒரு குடும்பம் செய்தித்தாளை விரித்து உட்கார்ந்து பன் தின்றுகொண்டிருந்தது.

"அடடே, சகலை! வாங்க வாங்க!" என்று அவர் துள்ளி எழுந்தார். முகத்தில் சந்தோஷம் என்றால் அப்படி ஒரு சந்தோஷம். "நீங்க இவ்வளவு சீக்கிரம் வருவீங்கன்னு நினைக்கவே இல்ல. வாங்க, எங்களுக்கு முன்னாடி நில்லுங்க. வாலு, இந்தா பன்னு, சூடு ஆறல."

முன்னாடி நில்லுங்க என்கிறார். வரிசையின் முதல் இடத்தையே எடுத்துக் கொடுக்கிறார். நெருப்பை வாரிக் கொட்டினால்கூட இவ்வளவு சுட்டிருக்காது. வேண்டாம் என்று சொல்லவும் முடியாது, பின்னால் அதற்குள் பத்துக் குடும்பம் சேர்ந்துவிட்டது. போய் நின்றேன். பன்னையும் தின்றேன். நன்றாகத்தான் இருந்தது, அதுவும் ஒரு வேதனை.

கதவு திறக்கும் நேரத்தில் அந்த இடத்தைப் பார்க்க வேண்டும். அதுவரை அப்பாக்களாகவும் அம்மாக்களாகவும் இருந்தவர்கள் ஓட்டப்பந்தயக்காரர்கள் ஆகிவிடுகிறார்கள். ஒருவர் குழந்தையை இடுப்பில் இடுக்கிக்கொள்கிறார், ஒருத்தி தள்ளுவண்டியின் பூட்டை விடுவிக்கிறாள், ஒரு தாத்தா செருப்பைக் கழற்றிப் பையில் போடுகிறார். சகலை மட்டும் நிதானமாகச் செய்தித்தாளை மடித்துக்கொண்டே என்னிடம் சொன்னார்:

"சகலை, பாம்பு உடனே ஓடாது. ஆளுங்க தண்டவாளத்தைத் தட்டிப் பாத்துட்டு அப்புறம்தான் விடுவாங்க. மொதல்ல பின்னாடி இருக்கிறதை எல்லாம் முடிச்சுட்டு, அப்புறம் அங்க போவோம். எல்லாம் கைப்பழக்கம்தான்."

என்னைத் திசை திருப்பப் பார்க்கிறார் என்று எனக்குப் பட்டது. இவர் மெதுவாகப் பின்பக்கம் கூட்டிப் போவாராம், நேரம் பார்த்துப் பாம்புக்குப் போவாராம், அங்கே "வா தங்கம்" என்று கையை நீட்டுவாராம்.

"எனக்குத் தெரியும் சகலை," என்றேன். "நீங்க போங்க. நாங்க எங்க பாட்டுக்குப் போய்க்கிறோம்."

கதவு திறந்ததும் வாலுவின் கையைப் பிடித்துக்கொண்டு ஓடினேன். கல்யாணத்துக்குப் பிறகு நான் ஓடியது அதுதான் முதல் தடவை. பாம்பு வாசலுக்கு நாங்கள்தான் முதல். முதல் என்ன முதல், அங்கே வேறு ஈ காக்கை இல்லை. குறுக்கே சங்கிலி. உள்ளே ஒருவர் சுத்தியலோடு தண்டவாளத்தின் மேல் நடந்து ஒவ்வொரு திருகாகத் தட்டிக்கொண்டிருந்தார். சகலை சொன்னது சரிதான். அவர் சொன்னது என்றைக்குத் தப்பாகியிருக்கிறது?

ஆனால் வாலு ஒட்டகச்சிவிங்கிப் பலகையிடம் ஓடிப்போய் நின்றாள். கோட்டைத் தாண்டி ஒரு விரல் இருந்தது. திரும்பி என்னைப் பார்த்துப் பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்கு மட்டும் கிடைத்தது, பக்கத்தில் எந்தப் பெரியப்பாவும் இல்லை. அந்த ஒரு நிமிஷத்துக்காக இன்னும் நாலு ராத்திரி விழித்திருக்கலாம்.

"சங்கிலி எடுக்கிற வரைக்கும் இவளை அந்தக் கோப்பை ராட்டினத்துல ஏத்திட்டு வர்றேன்," என்றாள் மனைவி.

"போயிட்டு வாங்க. நான் இடம் பிடிச்சு வைக்கிறேன்."

சங்கிலிக்குப் பக்கத்தில் ஒரு பெஞ்ச் இருந்தது. உட்கார்ந்தேன். இளவெயில் முதுகில் விழுந்தது. சுத்தியல் சத்தம் டிங், டிங் என்று தாளம் மாறாமல் வந்துகொண்டிருந்தது. கண்ணைக் கொஞ்சம் மூடித் திறக்கலாம் என்று மூடினேன்.

திறந்தபோது ஒன்றும் தெரியவில்லை. முகத்தின் மேல் துண்டு கிடந்தது. ஈஸ்ட் வாசனை அடித்தது. யார் துண்டு என்று கேட்க வேண்டியதில்லை. விலக்கிப் பார்த்தால் வெயில் உச்சியிலிருந்து இறங்கத் தொடங்கியிருந்தது. தலைக்கு மேலே பாம்பு சீறிக்கொண்டு போனது, அதிலிருந்து ஒரு வண்டி நிறையக் கூச்சல். எதிர் பெஞ்சில் என் சகலை வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். மத்தியானம் ஆனால் அந்த மனிதருக்குக் கண் சொக்கிவிடும் என்பது எனக்குத் தெரியும். அவருக்கு அப்போதே நாள் முடிந்துவிடுகிறது. காலையில் கதவு திறப்பதிலிருந்து மத்தியானம் வரைதான் அவர் தன் பிள்ளைகளோடு விழித்திருப்பது. அதற்காகத்தான் அந்த முந்தல் எல்லாம். இது புரிந்தும் எனக்கு அவர் மேல் இரக்கம் வரவில்லை. அவர் பையன்கள் வெயில் படாமல் தலைமாட்டில் குடையை விரித்துச் செருகி வைத்திருந்தார்கள். அதைப் பார்த்தும் பொறாமைதான் வந்தது. தூங்குகிறவனைப் பார்த்துப் பொறாமைப்பட்ட ஆள் உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

மனைவி பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். வாலு என்னைப் பார்த்ததும் குதித்து ஓடி வந்தாள்.

"அப்பா! நான் பாம்புல போயிட்டேன்!"

"யார்கூட?"

"பெரியப்பாகூட."

"என்னை எழுப்பலையா நீ?"

"எழுப்பினேன்ப்பா. நீதான் சொன்னே."

"நான் என்ன சொன்னேன்?"

"பெரியப்பாகூடப் போம்மான்னு சொன்னே."

மனைவியைப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் கோபப்பட்டிருப்பேன்.

"அவ ரெண்டு தடவை எழுப்பினா," என்றாள் மெதுவாக. "மாமாவும் வந்து தோளைப் பிடிச்சு உலுக்கினார். சங்கிலி எடுத்துட்டாங்க, எழுந்திரிங்க சகலை, நீங்க போகணும்னு இருந்தீங்களேன்னு. நீங்க கண்ணைத் திறக்காமலே, நீங்களே கூட்டிட்டுப் போங்க சகலை, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்னீங்க."

சொல்லியிருப்பேன். தினமும் காலையில் பள்ளிக்கூடம் போகும் முன் வாலு என் கட்டிலருகே வந்து நிற்பாள். வேன் வரவில்லை என்பாள், ஷூ கடிக்கிறது என்பாள். நான் கண்ணைத் திறக்காமலே "அம்மாகூடப் போ", "ஆட்டோல போ", "பெரியப்பாவைக் கூப்பிடு" என்று ஒவ்வொரு நாளும் ஒன்று சொல்வேன். அவளும் அதன்படி போய்விடுவாள். எழுந்த பிறகு நான் சொன்னது எனக்கே நினைவிருக்காது. இத்தனை வருஷம் விழித்திருக்கும்போது ஒரு நல்ல வார்த்தைகூட அந்த மனிதரிடம் நான் பேசியதில்லை. தூக்கத்தில் புண்ணியமாகப் போகும் என்று வாழ்த்திப் பிள்ளையைக் கையில் ஒப்படைத்திருக்கிறேன். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்கிறவனைக் கேள்விப்பட்டிருக்கிறேன். சொந்தத் தூக்கத்தில் வைத்துக்கொண்டவன் நான்தான்.

"எப்படி இருந்துச்சு?" என்று கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"சூப்பர்ப்பா. மேல போறப்ப வயிறு காணாமப் போயிடுது."

"பெரியப்பா பயந்தாரா?"

"இல்லையே. சிரிச்சுக்கிட்டே வந்தார்."

"கத்தலையா?"

"இல்லப்பா. என் கையைப் பிடிச்சுக்கிட்டார்."

அதற்கு மேல் கேட்கக் கூடாது என்று துண்டை எடுத்து மடிக்கத் தொடங்கினேன். அவள் என் முகத்தையே பார்த்தாள். எட்டு வயசுப் பிள்ளைக்கு என்ன தெரியும் என்று நாம் நினைக்கிறோம்.

"இன்னொரு தடவை போலாம்ப்பா. உன்கூட."

பாம்பு வாசலைப் பார்த்தேன். வரிசை கம்பிகளுக்குள் வளைந்து வளைந்து நிரம்பி, வெளியே வந்து, ஜூஸ் கடையைச் சுற்றிப் போயிருந்தது. சத்தம் கேட்டுச் சகலையும் விழித்துவிட்டார். வரிசையைப் பார்த்ததும் பதறினார்.

"இப்ப போய் நிக்காதீங்க சகலை. பொழுது சாஞ்சிரும். பிள்ளை விடியறதுக்கு முன்னாடியே எழுந்தது, தாங்காது."

அவர் சொல்லாமல் இருந்திருந்தால் ஒருவேளை நானே யோசித்திருப்பேன். அவர் சொல்லிவிட்டார். வாலுவின் கையைப் பிடித்துக்கொண்டு போய் ஜூஸ் கடைக்குப் பின்னால் கடைசி ஆளாக நின்றேன்.

வரிசை ஆமை வேகத்தில் நகர்ந்தது. நாலு அடி வைப்பது, நிற்பது. வாலு முதலில் கம்பியில் தொங்கினாள். அப்புறம் பேசினாள். அவள் வகுப்பில் ஒருத்தி மூக்கால் பலூன் ஊதுவாளாம். கணக்கு டீச்சருக்குக் கோபம் வந்தால் காது மட்டும் சிவக்குமாம். பின்பல் ஒன்று ஆடுகிறதாம், யாரிடமும் சொல்லவில்லையாம், அம்மாவிடம் சொன்னால் பிடுங்கிவிடுவாளாம். வாயைத் திறந்து எனக்கு மட்டும் ஆட்டிக் காட்டினாள்.

"பெரியப்பாவுக்குத் தெரியுமா இது?" என்று கேட்டேன்.

"தெரியாதே."

எனக்கு உள்ளே ஜில்லென்று இருந்தது. ஒரு ஆடும் பல்லுக்காக இப்படிச் சந்தோஷப்படும் ஆளைப் பார்த்திருக்க மாட்டீர்கள்.

கதவு திறக்கும்போதே வந்த குடும்பங்களை மாலையில் பார்க்க வேண்டும். காலையில் ஓடின அப்பாக்கள் இப்போது காலை இழுத்து இழுத்து வெளிவாசலுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். தள்ளுவண்டிகளில் பிள்ளைகள் வாயைப் பிளந்து தூங்கின. எனக்கோ அப்போதுதான் நாள் தொடங்குகிறது. தூங்கி எழுந்த தெம்பு வேறு. கழுத்தை நீட்டி முன்னால் எத்தனை பேர் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். வாலுவின் பேச்சு இடைவெளி விட்டு விட்டு வந்தது. அப்புறம் என் இடுப்பில் சாய்ந்தாள். அப்புறம் கையைத் தூக்கினாள். தூக்கிக்கொண்டேன். எவ்வளவு நாளாயிற்று இவளைத் தூக்கி என்று யோசித்துப் பார்த்தேன், தெரியவில்லை.

விளக்குகள் எரியத் தொடங்கியபோது நாங்கள் ஒட்டகச்சிவிங்கிப் பலகைக்கு வந்து சேர்ந்தோம். அடுத்த வண்டி எங்களுடையது. முன் இருக்கை, இரண்டு பேர் இடம்.

"பாப்பாவை இறக்கி விடுங்க சார்," என்றாள் சீருடைக்காரப் பெண். குனிந்து பார்த்துவிட்டு, "தூங்குதே," என்றாள்.

"வாலு. வாலும்மா. வந்துட்டோம் பாரு."

கண்ணைத் திறந்தாள். பாம்பைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், என் கழுத்தில் முகத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு மறுபடி தூங்கிவிட்டாள்.

"தூங்குற பிள்ளையை ஏத்த முடியாது சார். நீங்க வேணா போயிட்டு வாங்க, பாப்பாவை யாராவது வச்சுக்கட்டும்."

பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். அவளை உலுக்கி எழுப்பியிருக்கலாம். எழுப்பினால் அரைத்தூக்கத்தில் என்ன சொல்வாளோ என்று பயமாக இருந்தது. பக்கக் கதவு வழியாக வெளியே வந்துவிட்டேன். வண்டி எங்கள் முன் இருக்கையில் வேறு ஒரு அப்பாவையும் மகனையும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டது.

வெளியே எல்லோரும் மூட்டை முடிச்சோடு காத்திருந்தார்கள். சகலை முகம் கழுவி, தலை சீவி, பளிச்சென்று இருந்தார். என்னைப் பார்த்ததும் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு ஓடி வந்தார்.

"குடுங்க சகலை. நான் தூக்கிக்கிறேன். நிக்க வச்சுக் கொன்னுட்டாங்க உங்களை."

"வேண்டாம் சகலை."

"பஸ் ஸ்டாப் ரொம்ப தூரம்."

"பரவாயில்ல."

அவர் எங்கள் பையையும் வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டு என் பக்கத்திலேயே நடந்தார். பாதி தூரத்தில் என் கை மரத்துப்போனது. முதுகு விண்விண் என்று தெறித்தது. பாம்பில் ஏறுகிற அளவுக்கு வளர்ந்த பிள்ளை, நடக்கும்போது அவள் கால் என் முட்டியில் இடித்தது.

"கொஞ்ச தூரமாவது மாத்திக்கலாமே சகலை," என்றார்.

"குடுங்களேன், கை விட்டுப்போயிடும்," என்றாள் என் மனைவி.

நான் வாலுவை இன்னும் மேலே ஏற்றிப் பிடித்துக்கொண்டேன். இருக்கிற வளர்ச்சிக்கு அடுத்த வருஷம் இவளைத் தூக்க என்னால் முடியாது. அவராலும் முடியாது, அது ஒன்றுதான் ஆறுதல்.